விற்றதாக எழுதிய அரிசி

உத்திரமேரூர் நீதித்துறை நடுவர் முன்பாக 18.02.2025 அன்று பகல் பன்னிரண்டேகால் மணிக்குப் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.

பெயர் தேவயானி. வயது 36. கணவர் பெயர் சாம்சன். கதவு எண் 2/47, மாதா கோயில் தெரு, புலியந்தாங்கல் கிராமம், உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம். படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. தொழில் அரிசி ஆலையில் எடைமேடை பார்ப்பது.

நான் சொல்வது எனக்கே எதிராகப் பயன்படலாம் என்றும், சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை என்றும் நடுவர் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். யோசித்துவிட்டு வரும்படி ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்து, சொல்கிறேன் என்றேன். சாட்சியாகச் சொல்கிறாயா, எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவளாகச் சொல்கிறாயா என்று கேட்டதற்கு, அது எனக்குத் தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன் என்று சொன்னேன்.

நான் மேற்படி முகவரியில் கணவருடனும் இரண்டு பெண் பிள்ளைகளுடனும் வசித்து வருகிறேன். என் கணவர் ஒரகடத்தில் கம்பெனி ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறார். எனக்குக் கூடப் பிறந்தவர் ஒரே அக்கா, பெயர் சிட்டம்மாள், வயது 43, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அவருடைய கணவர் முனியன், வயது 48, நான் வேலை செய்யும் ஆலையில் பதினாறு வருடம் மூட்டை தூக்கினார். 2011-ஆம் வருடம் என்னை அங்கே எடைமேடையில் சேர்த்துவிட்டவர் அவர்தான். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

ஆலை பஞ்சாட்சரம் என்பவருக்குச் சொந்தமானது. லாரி காலியாக வரும்போது ஒரு எடையும் அரிசி ஏற்றிய பிறகு ஒரு எடையும் போட்டு, வண்டி எண், எடை, எங்கே போகிறது என்பதைச் சீட்டில் அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. 2022-ல் அவருடைய மகன் மோகன்குமார் சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். ஆலையின் பெயர் பஞ்சவர்ணா அக்ரோ ஃபுட்ஸ் லிமிடெட் என்று மாறியது. கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோகப் போகிறோம், ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் நம் கம்பெனியில் பங்கு வாங்கப் போகிறார்கள் என்று எங்களை எல்லாம் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

அதன் பிறகு 2023 பிப்ரவரி மாதம் மோகன்குமார் என் ஆதார் அட்டையையும் பான் கார்டையும் வாங்கிக்கொண்டு ஆறு இடத்தில் கையெழுத்து வாங்கினார். எதற்கு என்று கேட்டேன். வேலைக்காரர்களுக்குப் பங்கு ஒதுக்குவதற்கு என்று சொன்னார். மார்ச் மாதக் கடைசியில் எடைச் சீட்டில் வாங்குபவர் பெயராகத் தேவயானி டிரேடர்ஸ் என்று வந்தது. கம்ப்யூட்டரில் ஏதோ தவறு என்று நினைத்து அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அது நீதான் என்று மோகன்குமார் சொன்னார்.

2023 மார்ச் 28 முதல் 31 வரை நான்கு நாளில் அந்தப் பெயருக்கு நாற்பத்தொரு லோடு எடை போட்டேன். லாரிகள் மொத்தம் ஆறுதான். அவை முன்வாசல் வழியாக வெளியே போய், வாலாஜாபாத் சாலையில் நாலு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஒரு பழைய உரக் கிடங்கில் அரிசியை இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் காலியாகத் திரும்பி வந்தன. ஏற்றி இறக்கியது மாமாவும் அவருடன் இருந்த எட்டுப் பேரும். மாமா ஒருமுறை எடைமேடை ஜன்னல் பக்கம் வந்து, "இன்னா தேவா, போன வண்டியே திரும்பத் திரும்ப வந்துகினு கீது, ஊருல இத்தினி பேரா நம்ம அரிசி துன்றான்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த அரிசியை யாரும் வாங்கவில்லை. ஆனால் மார்ச் முடிவதற்குள் விற்றுவிட்டதாக எழுதினால் அந்த வருடத்து லாபம் பெரிதாகத் தெரியும், பங்கு விற்கப் போகும் நேரத்தில் அதைக் காட்ட வேண்டும் என்பதை மோகன்குமாரே எனக்குச் சொன்னார். "பொய் ஒண்ணும் இல்ல தேவயானி. ஏப்ரல், மே மாசத்துல விக்கப்போறத மார்ச்லயே எழுதறோம், அவ்ளோதான். வித்துட்டா சரியாப் பூடும்" என்றார். நான் என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். பங்கு விற்று முடித்ததும் எடுத்துவிடுகிறேன் என்றார்.

அதன் பிறகு 2023 நவம்பரில் கம்பெனி சிறு கம்பெனிகளுக்கான பங்குச் சந்தையில் சேர்ந்தது. ஆலை வாசலில் பந்தல் போட்டுப் பெரிய திரை வைத்தார்கள். முதல் நாளே விலை ஏறியது என்று எல்லோரும் கை தட்டினார்கள். எங்களுக்கு ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். மறுநாள் நான் போய் என் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். அப்போது மோகன்குமார், இனிமேல்தான் எடுக்கவே முடியாது, பங்கு வாங்கினவன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பான், ஒவ்வொரு முறையும் முன்னைவிட ஏறியிருக்க வேண்டும், ஏறாவிட்டால் விலை விழுந்துவிடும் என்று சொன்னார்.

நான் வேலையை விட்டு நின்றுவிடுகிறேன் என்று சொன்னேன். அதற்கு அவர், "நீ நின்னா நின்னுக்கோ. வாங்கின அரிசி எங்கன்னு உன்னத்தான் கேப்பாங்க. எடைச் சீட்டுலயும் உன் கையெழுத்து, வாங்கினதுலயும் உன் கையெழுத்து" என்று சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னார். நான் எடைமேடைக்குத் திரும்பிப் போனேன். பஞ்சாட்சரம் ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர், "நான் நெல்லு வியாபாரிம்மா. இந்தக் காயிதமெல்லாம் அவன்தான்" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஏப்ரலில் விற்க வேண்டியதை மார்ச்சில் எழுதிவிட்டதால் அடுத்த கணக்கில் எழுதுவதற்கு இல்லாமல் போய், அதற்கடுத்த மாதங்களுடையதையும் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. இப்படியே 2024 மார்ச்சிலும் லாரிகள் சுற்றின. உரக் கிடங்கில் மூட்டைகள் கூரை வரைக்கும் ஏறின. அதை வெளியே விற்க ஆள் கிடைக்கவில்லை. விற்றுவிட்டதாக எழுதிய அரிசியை ஆலைக்குத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. அரிசி மஞ்சளாகி வண்டு விழுந்தது. மூட்டையைத் தட்டினால் மாவு மணல்போல இறங்கியது. கிடங்குச் சாவி என்னிடம் இருந்தது.

அதன் பிறகு 2024 செப்டம்பர் மாதம், கம்பெனி காட்டும் வியாபாரம் உண்மைதானா என்று யாரோ எழுதிப் போட்டதால் பங்குச் சந்தையிலிருந்து கேள்வி வந்ததாகவும், தணிக்கையாளர் 27-ஆம் தேதி வந்து, அரிசி வாங்குபவர்களுடைய கிடங்குகளை நேரில் பார்க்கப் போவதாகவும் மோகன்குமார் சொன்னார். வண்டு இருக்கக் கூடாது என்பதால் 23.09.2024 அன்று உரக் கிடங்கில் புகை மாத்திரை வைத்தோம். மூட்டைகள் மேல் படுதா போட்டு மூடி, அடியில் மாத்திரை வைத்து, ஏழு நாள் திறக்கக் கூடாது, திறந்த பிறகும் ஒரு நாள் காற்றாட விட வேண்டும் என்று மருந்து விற்றவர் சொன்னார். ஷட்டர் மேல் நான் சாக்பீஸால், மருந்து வைத்தது 23, திறப்பது 30 என்று எழுதினேன்.

26.09.2024 வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மோகன்குமார் எனக்குப் போன் செய்து, நாளைக்கு ஆள் வருகிறார்கள், இன்றைக்கே திறந்து படுதாவை எல்லாம் எடுத்துவிட்டுப் பெருக்கிப் போர்டு மாட்ட வேண்டும் என்றார். ஏழு நாள் ஆகவில்லை என்று சொன்னேன். ஷட்டரைத் தூக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் போதும் என்றார். மற்ற ஆட்கள் ஆலையில் லோடு ஏற்றிக்கொண்டிருந்ததால் மாமாவை மட்டும் அனுப்பினார். பதினொன்றரை மணிக்கு மாமா சைக்கிளில் வந்தார். நான் ஷட்டரைத் திறந்தேன். சாக்பீஸ் எழுத்தை முந்தானையால் துடைத்தேன். உள்ளே மருந்தின் பூண்டு நாற்றம் அடித்தது.

அரை மணி நேரம் வெளியே நின்றோம். அதற்குள் மோகன்குமார் இரண்டு முறை போன் செய்தார். அதன் பிறகு மாமா துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய் முதல் படுதாவை இழுத்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே வந்தார். தண்ணீர் குடித்தார். இரண்டாவது முறை போய் நடுப் படுதாவை எடுத்துவிட்டு வந்து, தலை சுத்துது என்று சொல்லிச் சுவரோரம் உட்கார்ந்தார். மூலையில் ஒரு படுதா பாக்கி இருந்தது. மறுபடியும் போன் அடித்தது. நான், "அந்த ஒண்ணுதான் மாமா" என்று சொன்னேன். அவர், "செரி வுடு, முட்ச்சிடறேன்" என்று சொல்லி எழுந்து போனார். மூன்றாவது முறை அவரைப் போகச் சொன்னது மோகன்குமார் இல்லை. நான்.

அவர் வரவில்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை. புடவையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். மூலையில் படுதாவைப் பிடித்தபடி குப்புற விழுந்து கிடந்தார். காலைப் பிடித்து ஷட்டர் வரைக்கும் இழுத்து வந்தேன். மூச்சு இருந்தது, வாயில் நுரை இருந்தது. நூற்றெட்டுக்குப் போன் போட எடுத்தேன். அதற்குள் மோகன்குமார் போன் வந்தது. மாமா விழுந்துவிட்டார் என்று சொன்னேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடாதே, நான் கார் கொண்டுவருகிறேன் என்றார். இருபது நிமிடத்தில் வந்தார். நாங்கள் இரண்டு பேரும் தூக்கிப் பின் சீட்டில் கிடத்தினோம். மாமாவின் தலை என் மடியில் இருந்தது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாகப் புறப்பட்டோம். உத்திரமேரூர் ஏரிக்கரை வந்ததும் மோகன்குமார் காரை ஓரம் கட்டினார். ஆஸ்பத்திரியில் எங்கே நடந்தது என்று கேட்பார்கள், என்ன சொல்வது என்றார். கிடங்கில் என்று சொல்வேன் என்றேன். "அந்தக் கிடங்குல நம்ம கம்பெனி ஆளுக்கு இன்னா வேலன்னு கேப்பாங்க. மொத்தமும் வெளிய வந்துடும். அது உன் கிடங்கு தேவயானி, உன் பேரு. உள்ள போறது நீதான்" என்றார். வண்டியை எடுங்கள் சார் என்று கெஞ்சினேன். அவரும் அழுதார். ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு, இதை எப்படி நிறுத்துவதென்று எனக்கும் தெரியவில்லை என்று சொன்னார். இப்படிப் பேசிக்கொண்டிருந்தது கால் மணி நேரம் இருக்கும். அதற்குள் மாமாவின் மார்பு ஏறி இறங்குவது நின்றுவிட்டது. நான் அதைப் பார்த்தேன். மோகன்குமாரிடம் உடனே சொல்லவில்லை.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மாமா ஏரிக்கரையில் சைக்கிளில் போகும்போது மயங்கி விழுந்ததாகவும், அந்த வழியாக வந்த மோகன்குமார் பார்த்துத் தூக்கியதாகவும் பேசிக்கொண்டோம். தனியார் மருத்துவர் ஒருவர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அவரிடமும் ஏரிக்கரை என்றுதான் சொன்னோம். போலீசுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. மாலை நான்கு மணிக்கு உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் அக்கா நூறு நாள் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "நீ பாத்தியாடி? பேசினாரா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

மறுநாள் 27-ஆம் தேதி மாலை அடக்கம். காலையில் மோகன்குமார் ஆள் அனுப்பி, தணிக்கையாளர் வருகிற தேதியை மாற்ற முடியாது, நல்ல புடவை கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போ என்று சொன்னார். என் தெருவில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. தலைவலி மாத்திரை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். புடவையை ஆலையில் மாற்றினேன். கிடங்கு வாசலில் தேவயானி டிரேடர்ஸ் என்று நீலப் போர்டு மாட்டியிருந்தார்கள். ஷட்டர் விடிய விடியத் திறந்திருந்ததால் நாற்றம் குறைந்திருந்தது. தணிக்கையாளர் வாசலில் நின்றே மூட்டைகளைப் பார்த்தார். வியாபாரம் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார். அரிசித் தூசு என்றேன். போர்டுக்குக் கீழே என்னை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். அதன் பிறகு நான் பழைய புடவையை மாற்றிக்கொண்டு வந்து மாமாவுக்கு மண் போட்டேன்.

இரண்டு ஞாயிறு கழித்து, சர்ச்சிலிருந்து திரும்பும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டியை நிறுத்தினார். "ரெண்டு பொண்ணு கீது. வாயத் தொறக்காத" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசவில்லை.

நவம்பரில் அரையாண்டுக் கணக்கு வந்தது. லாபம் நூற்றுக்கு முப்பத்தெட்டு கூடியிருப்பதாகச் சொல்லி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். அதே மாதம் மோகன்குமார் என் அக்காவுக்கு உதவி செய்வதாகச் சொல்லி வேலை கொடுத்தார். எந்த இடம் என்று நான் அக்கா வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். உரக் கிடங்கைப் பெருக்கும் வேலை. வேறு இடம் கொடுங்கள் என்று கேட்டேன். அங்கேதான் ஆள் தேவை, வெளி ஆளை அங்கே விட முடியாது என்று சொன்னார். அக்கா தினமும் அங்கே வண்டு மாவைக் கூட்டி அள்ளிவிட்டு, தலையெல்லாம் வெள்ளையாக வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பார். "உன் பேரு போட்ட கெடங்குல நான் கூலிக்குப் போறேன் பாத்தியா" என்று கேலி செய்வார். நான் டீ ஊற்றிக் கொடுப்பேன்.

அதன் பிறகு இந்த மாதம் கம்பெனி பெரிய பங்குச் சந்தைக்கு மாறப் போவதாகவும், அதற்காக 14-ஆம் தேதி சில பேர் கிடங்குகளைப் பார்க்க வருவதாகவும் சொன்னார்கள். 10.02.2025 அன்று மறுபடி மாத்திரை வைத்தோம். 13-ஆம் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மோகன்குமார் போன் செய்து, இன்றைக்குத் திறந்து படுதாவை எடுத்துப் பெருக்கிவிடுங்கள் என்று சொன்னார். நான் போனபோது ஷட்டருக்கு முன்னால் என் அக்காவும் ஆலையில் வேலை செய்யும் எல்லம்மாள் என்ற இன்னொரு பெண்ணும் துடைப்பத்தோடு நின்றிருந்தார்கள். அக்கா, "நாஷ்டா கூட துண்ணல, சீக்கிரம் தொற" என்றார்.

நான் திறக்கவில்லை. எல்லம்மாளை வீட்டுக்குப் போகச் சொன்னேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அக்காவை அந்த இடத்திலிருந்து தள்ளி ரோட்டோரம் கூட்டிவந்து, மாமா ஏரிக்கரையில் விழவில்லை, இங்கேதான் விழுந்தார் என்று சொன்னேன். காரில் நடந்ததையும் சொன்னேன். அக்கா துடைப்பத்தைக் கீழே வைத்தார். அழவில்லை. "எத்தினி வாட்டி உள்ள போனாரு?" என்று கேட்டார். மூன்று முறை என்றேன். "மூணாவது வாட்டி அவரா போனாரா?" என்று கேட்டார். இல்லை, நான் சொல்லித்தான் போனார் என்று சொன்னேன்.

அதன் பிறகு அவர் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டு பஸ் போயின. மூன்றாவதில் ஏறினார், நானும் ஏறினேன். அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால் நின்றேன். உத்திரமேரூரில் இறங்கிக் காவல் நிலையத்துக்குப் போனோம். புகார் எழுதிக் கொடுக்கச் சொல்லி வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். என் அக்காவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாமா எப்படி இறந்தார் என்பதையும், உடலைத் தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னார். யார் யார் மீது என்று கேட்டேன். மோகன்குமார் என்றார், எழுதினேன். அடுத்து என்று கேட்டேன். என்னைப் பார்த்தார்.

"உன் பேர எழுது" என்றார்.

எழுதினேன். அப்பா பெயரையும் சேர்க்க வேண்டுமா, கணவர் பெயர் போதுமா என்று கேட்டேன். "அப்பா பேரு வாணாம்" என்றார். தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, அவரே உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

நான் சொன்னவற்றை எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். சொன்னபடியே இருக்கிறது. என்னை யாரும் பயமுறுத்தவும் இல்லை, எதுவும் தருவதாக ஆசை காட்டவும் இல்லை. இதில் ஒன்றும் பொய் இல்லை.

(ஒப்பம்) சா. தேவயானி